கரி பஸ்ஸிலிருந்து ஏழு சீட்டு வண்டி வரை: ஒரு லிட்டரின் கதை



பொங்கலுக்கு என் தம்பி மகன் சென்னையிலிருந்து புது வண்டியில் வந்திருந்தான். ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி. எங்கள் தெருவில் திரும்பவே சிரமப்பட்டது. திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "வண்டி ராஜா மாதிரி இருக்கு அத்தே, ஆனா லிட்டருக்குப் பத்துதான் குடுக்குது. டீசல் போட்டு மாளல. மைலேஜை ஏத்த ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டான். என்னிடம் கேட்கிற கேள்வியா இது! எனக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வந்தவள் நான். பாதி நாள் டிரைவருக்குப் பின் சீட்டு. என் தாத்தாவோ கரி பஸ்ஸில் கிளீனராக இருந்தவர். அதனால் அவனுக்குக் கதை சொல்ல என்னிடம் சரக்கு இருந்தது. அதையே இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கதை பர்மாவில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் நம் பக்கத்து ஆட்களுக்கு பர்மா என்றால் அரிசியும் தேக்கும் செட்டியார் கடைகளும் நினைவுக்கு வரும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும்கூட அங்கிருந்து வந்தன என்பது பலருக்குத் தெரியாது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த மாதமே, பின்வாங்கிய ஆங்கிலேயர்கள் யெனாங்யாங் எண்ணெய் வயல்களை எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று தாங்களே கொளுத்தி அழித்தார்கள். அரிசியும் நின்றது, எண்ணெயும் நின்றது. சென்னை மாகாணம் சோற்றுக்குத் தஞ்சாவூர் ஜில்லாவைப் பெரிதும் நம்பியது. அந்த நெல்லையும் ஆட்களையும் ஏற்றிச் செல்ல வேண்டிய லாரிக்கும் பஸ்ஸுக்கும் எரிபொருள் இல்லை.

அப்போது வந்ததுதான் கரி பஸ். பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைப்பார்கள். காற்றை அளவாக உள்ளே விடுவதால் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயுவாக மாறும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி, குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொண்டுபோனால் பெட்ரோலுக்குப் பதில் அது எரியும். ஐரோப்பாவில் போர்க்காலத்தில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் ஓடின. அங்கே பெரும்பாலும் விறகு, இங்கே கரி. நம் மாகாணத்தில் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் இந்தக் கரிவாயு உருளையைத் தானே வடிவமைத்துத் தயாரித்தது. 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று அதற்குப் பெயர்.

தாத்தா ஓடிய தடம் தஞ்சாவூர் – திருவையாறு. எட்டு மைல்கூட இருக்காது. ஆனால் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி என்று ஐந்து ஆறு, ஐந்து பாலம். கரிவாயுவில் எஞ்சினுக்குப் பெட்ரோலில் வரும் பலம் வராது. மூன்றில் ஒரு பங்காவது குறையும். நம் ஊர் தட்டையான பூமி என்பதால் சமாளித்தது. பாலம் ஏறும்போதுதான் வினை. "எல்லாரும் எறங்குங்க, ஆம்பளைங்க தள்ளுங்க" என்று கண்டக்டர் சத்தம் கொடுப்பாராம். ஐயாறப்பரைத் தரிசிக்கப் புறப்பட்டவர்கள் ஐந்து முறை பஸ்ஸைத் தள்ளிவிட்டுத்தான் போய்ச் சேர்வார்கள் என்று தாத்தா சிரிப்பார்.

சிரிப்புக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. முதல் பஸ் விடிகாலை என்றால், கிளீனர் அதற்கும் அரை மணி முன்னால் எழுந்து, உருளையைப் பற்றவைத்து, காற்று ஊதும் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சாம்பலை வாருவது, வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்வது எல்லாம் அவர் வேலை. கார்பன் மோனாக்சைடு நிறமும் வாசனையும் இல்லாத விஷம். ஒருநாள் ஷெட்டுக்குள்ளேயே பற்றவைத்துவிட்டுத் தாத்தா மயங்கி விழுந்து, வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்து எழுப்பினார்களாம். கடைசிக்காலம் வரை அவருக்கு இருமல் இருந்தது. கரிதான் காரணமா, சுருட்டா என்று பாட்டிக்கும் அவருக்கும் சண்டை. போர் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் கரி பஸ் மறைந்தது. பெட்ரோல் மிச்சமான கணக்கைத்தான் எல்லோரும் பேசினார்கள். சக்கரம் சுற்றியவன் கணக்கை யாரும் எழுதவில்லை. இதை மனதில் வையுங்கள், திரும்ப வருவேன்.

அடுத்த கட்டம் டீசல். 1950களில் சென்னை சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. பழைய பெட்ரோல் லாரி, பஸ்களில் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டினார்கள். எண்ணூரில் அசோக் லேலண்ட் வந்தது. டீசல் ஏன் சிக்கனம்? டீசல் எஞ்சின் காற்றைப் பெட்ரோல் எஞ்சினைவிட அதிகமாக அழுத்துகிறது. அதனால் எரிகிற சூட்டிலிருந்து கூடுதல் வேலை வாங்குகிறது. தவிர, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அதிகம். அதனால்தான் கனமான வண்டி என்றாலே டீசல் என்றானது.

1972இல் தமிழ்நாட்டில் பெரிய தனியார் பஸ் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டது. நம் பகுதிக்குக் கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்துச் சோழன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அடுத்த வருஷமே உலகம் குலுங்கியது. 1973 அக்டோபரில் அரபு – இஸ்ரேல் போர். பீப்பாய் சுமார் 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 1979இல் ஈரான் புரட்சியால் இன்னொரு அடி. இடையில் 1978இல் மத்திய அரசு பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கத்தை அமைத்தது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள், டயரில் காற்றைச் சரிபாருங்கள், நிற்கும்போது எஞ்சினை அணையுங்கள் என்று பெட்ரோல் பங்குகளில் ஒட்டியிருந்தது இவர்கள் சொன்னதுதான். அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. ஆனால் பஸ் டிரைவர்கள் படித்தார்கள், படிக்க வைக்கப்பட்டார்கள்.

ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தினமும் டிப்போவில் எழுதப்படும். 'கே.எம்.பி.எல்.' என்பார்கள். தமிழக அரசு பஸ்கள் லிட்டருக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் எடுத்து, அகில இந்திய அளவில் எரிபொருள் சிக்கனத்துக்குப் பலமுறை விருது வாங்கியிருக்கின்றன. அவ்வளவு பெரிய வண்டி, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று, ஐம்பது அறுபது பேரை ஏற்றிக்கொண்டு எடுத்த கணக்கு இது. 1997இல் சோழன் என்ற பெயர் போய் அரசுப் போக்குவரத்துக் கழகம், கும்பகோணம் என்று ஆனது. பெயர்தான் மாறியது, கணக்கு மாறவில்லை.

டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்த வித்தை இதுதான். நல்ல டிரைவர் ஸ்டாப் வருவதற்கு இருநூறு அடி முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். பஸ் தானாக வேகம் குறைந்து ஸ்டாப்புக்கு வரும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். அவசரக்கார டிரைவர் கடைசி வரை மிதித்துவிட்டுப் பிரேக்கை அழுத்துவார். பிரேக் என்பது காசு கொடுத்து வாங்கிய டீசலைச் சூடாக்கிக் காற்றில் விடுகிற கருவி. மிதித்த ஒவ்வொரு மிதியும் முன்பு எரித்த எரிபொருளை வீணாக்குவதுதான். இதைப் பாடப்புத்தகத்தில் ஆற்றல் மாற்றம் என்று பிள்ளைகளுக்கு நடத்தினேன். புரிந்துகொண்டது பஸ்ஸில்.

இங்கேயும் ஒரு மறுபக்கம் உண்டு. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தார். வண்டி பழசு, இஞ்செக்டர் தேய்ந்து கரும்புகை கக்கும். மைலேஜ் குறைந்தால் முதலாளி அவர் சம்பளத்தில் பிடித்துவிடுவார். "டீச்சர், வண்டிக்கு வைத்தியம் பார்க்காம என் வயித்துல அடிக்கிறாங்க" என்றார். தாத்தா கதைதான் இது. கருவியின் குறையை ஆளின் உடம்பிலும் கூலியிலும் ஈடுகட்டுவது.

இனி கார்கள் பக்கம் வருவோம். எங்கள் சிறுவயதில் பெரிய வண்டி என்றால் பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப்தான். மகிந்திரா கம்பெனி அமெரிக்க வில்லீஸ் ஜீப்பைச் சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. பெட்ரோல் எஞ்சின். லிட்டருக்கு ஏழு எட்டு கிலோமீட்டர் ஓடினால் அதிசயம். பின்னால் பிரான்ஸின் பெஷோ கம்பெனி வடிவமைத்த டீசல் எஞ்சின் ஜீப்பில் ஏறியது. 1980 வாக்கில் டீசல் அம்பாசிடர் வந்தது. நம் ஜில்லாவில் மிராசுதார்களும் டாக்ஸிக்காரர்களும் பழைய பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, கடகடவென்ற சத்தத்தோடு கல்யாணத்துக்கு வந்து இறங்குவார்கள். 1994இல் டாடா சுமோ, 2000இல் குவாலிஸ், 2002இல் ஸ்கார்ப்பியோ, 2005இல் இன்னோவா. எல்லாம் பெரிய உடம்பு, டீசல் வயிறு.

இந்தப் பெரிய டீசல் வண்டிகள் பெருகியதில் ஒரு வருத்தமான கதை உண்டு. பஸ்ஸுக்கும் விவசாயிக்கும் உதவ வேண்டும் என்று அரசு டீசல் விலையை அடக்கி வைத்திருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை மட்டும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தார்கள். 2012இல் ஒரு கட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் லிட்டருக்கு 30 ரூபாயைத் தாண்டியது. வசதியானவர்கள் டீசல் காருக்கு ஓடினார்கள். அதே 2012இல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. செப்டம்பர் நடுவில்தான் திறந்தார்கள். குறுவை போனது. போர் வசதி இருந்தவர்கள் டீசல் எஞ்சினை வைத்து இறைத்து நாற்றங்காலைக் காப்பாற்றப் பார்த்தார்கள். விவசாயி கேனில் வாங்கிய அதே சலுகை விலை டீசலை, குளிர்சாதனம் போட்ட வண்டியும் பங்கில் வாங்கியது. 2014 அக்டோபரில் டீசல் விலையும் விடுவிக்கப்பட்டது. சலுகை போனபோது காருக்கும் போனது, இறைவை எஞ்சினுக்கும் போனது.

இன்னொன்றையும் தஞ்சை ஜில்லாக்காரர்கள் மறக்கக் கூடாது. அந்த எண்ணெய் எங்கோ அரபு நாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. 1980களிலிருந்து நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் நம் வயலுக்கு அடியிலிருந்தே எண்ணெய் எடுக்கிறார்கள். அதைச் சுத்திகரிக்க 1993இல் அங்கேயே ஆலை வந்தது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதும், அந்த ஊர் மக்கள் போராடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. எண்ணெய் வேண்டாம் என்று நாம் கொடி பிடிக்கிறோம். சரிதான். அதே கையால் வண்டியில் முழு டேங்க் நிரப்புகிறோம். இரண்டும் ஒரே கை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் மட்டுமல்ல, இந்திய உணவுக் கழகத்தின் அரிசியிலிருந்தும் எத்தனால் வடிக்கிறார்கள். ஒரு டன் அரிசியில் சுமார் 450 லிட்டர் கிடைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே, அந்தக் கலவைக்கென்று அமைக்கப்படாத பழைய காரில் மைலேஜ் ஆறு ஏழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 1942இல் அரிசியும் எண்ணெயும் ஒரே ஊரிலிருந்து வந்து ஒன்றாக நின்றன. இன்று அரிசியே எண்ணெயாகிறது. நெல் விளைகிற ஊர்க்காரர்கள் ஒரு லிட்டரை வீணாக்கும்போது அதில் ஒரு பிடி அரிசியும் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

சரி, தம்பி மகன் கேள்விக்கு வருவோம். அவனைத் தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னேன். பழக்கம் விடாது!

ஒரு சின்னக் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிறது. அதை 23 ஆக்கினால் 1000 கிலோமீட்டருக்கு 50 லிட்டர் என்பது 43 சொச்சம் ஆகும். மிச்சம் ஆறரை லிட்டர். உன் பெரிய வண்டி 10 ஓடுகிறது. அதையும் அதே மூன்று கிலோமீட்டர் ஏற்றி 13 ஆக்கினால், 100 லிட்டர் 77 ஆகிறது. மிச்சம் 23 லிட்டர்! "சின்னக் காரை ஓட்டுறவன் காலைப் பாத்து மிதிச்சா நல்லது. பெரிய வண்டி ஓட்டுறவன் மிதிக்கலன்னா குத்தம்" என்றேன். சிரித்தான், ஆனால் கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்த்தான்.

அடுத்து வேகம். சென்னையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்றேன். ரோடு காலியாக இருந்தால் 110 என்றான். காற்று வண்டியை எதிர்த்துத் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80ல் இருப்பதைவிட 110ல் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற உயரமான வண்டிக்கு இது சின்னக் காரைவிட அதிகம் உறைக்கும். கூரைமேல் காரியர் கட்டி அதில் ஒன்றும் இல்லாமல் வந்திருந்தான். அதைக் கழற்றச் சொன்னேன். டயரில் காற்றை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காலையில் பார்க்கச் சொன்னேன். நான்கில் இரண்டு டயரில் குறைவாக இருந்தது. பின்னால் தண்ணீர் கேன், பழைய சாமான் என்று ஒரு மூட்டை சுமை கிடந்தது. அதையும் இறக்கினோம்.

"இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா மிச்சம்னு டிரைவர் அண்ணன் சொன்னாரே அத்தே?" என்றான். அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரிக்கும். பிடிமானமும் போகும். பழையது எல்லாம் பொன் இல்லை.

புது வண்டிதான் வாங்கப்போகிறோம் என்பவர்களுக்கு இன்று இன்னொரு வழி இருக்கிறது. 2022இல் வந்த இன்னோவா ஹைகிராஸ் மாதிரி, பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த பெரிய வண்டிகள். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை இவை மின்சாரமாகத் திரும்பப் பிடித்து பேட்டரியில் வைக்கின்றன. சோதனைக்கூடக் கணக்கில் லிட்டருக்கு 23 கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள். ரோட்டில் அதைவிடக் குறையும். கும்பகோணம் டிரைவர் காலால் செய்ததை இது கம்பியால் செய்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கணக்கு. அரசு பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர்தான். ஆனால் 50 பேர். ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஒரு லிட்டரில் 250 கிலோமீட்டர். நீயும் உன் மனைவியும் மட்டும் வந்தீர்கள். பத்தை இரண்டால் பெருக்கினால் 20. ஏழு சீட்டும் நிரம்பினால் 70. வண்டியின் மைலேஜை ஏற்ற மிக எளிய வழி, காலியான சீட்டை நிரப்புவதுதான்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் அவன் கிளம்பும்போது சென்னை போக வேண்டிய உறவினர் மூன்று பேரை ஏற்றிவிட்டேன். இராத்திரி போன் செய்தான். "எண்பதைத் தாண்டல அத்தே. பதிமூணு குடுத்துச்சு. ஆனா வழக்கத்தவிட ஒரு மணி நேரம் லேட்டு" என்றான். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு சுமார் 340 கிலோமீட்டர். 34 லிட்டர் குடித்திருக்க வேண்டிய வண்டி 26 லிட்டர் குடித்திருக்கிறது. எட்டு லிட்டர் மிச்சம். ஒரு மணி நேரம் செலவு.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கரி பஸ் காலத்தில் சிக்கனத்துக்கு விலை கொடுத்தவர் கிளீனர். பிறகு கொடுத்தவர் சம்பளம் பிடிக்கப்பட்ட டிரைவர், வயலில் குழாய் போனவர். வண்டியில் உட்கார்ந்து போனவர் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக ஸ்டியரிங் பிடிக்கிறவரே தன் கையிலிருந்து கொஞ்சம் நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்கிறது கணக்கு. தாத்தா கொடுத்ததோடு பார்த்தால் அது பெரிய விலை இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது கரி பஸ்ஸில் போயிருந்தால், அல்லது ஓட்டியிருந்தால், கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பெரிய வண்டி வைத்திருக்கும் என் மாணவர்கள் நாளைக் காலை டயரில் காற்றைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்